பாட்டியின் சிடி பிளேயரும் சாம்பிராணிப் புகையும்

மாணவர்களே, உங்கள் வீட்டிலோ தாத்தா பாட்டி வீட்டிலோ பழைய சிடி பிளேயர் ஒன்று கட்டாயம் இருக்கும். "கெட்டுப்போச்சு, தூக்கிப் போடணும்" என்று பல மாதங்களாகச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். தூக்கிப் போடுவதற்கு முன் அரை மணி நேரம் அதற்கு ஒதுக்கிப் பாருங்கள்.

சென்ற பள்ளி விடுமுறையில் என் மாணவி ஒருத்தி இப்படி ஒரு பிளேயரைப் பற்றிச் சொன்னாள். அவளுடைய பாட்டி தேக்கா சந்தையை ஒட்டிய வீவக வீட்டில் வசிக்கிறார். சிராங்கூன் சாலைக் கடைகளில் வாங்கிய பாட்டு சிடிக்கள் பல அவரிடம் உண்டு. தாத்தா பேசியதை மாமா கணினியில் பதிந்து கொடுத்த சிடி ஒன்றும் உண்டு. கடையில் வாங்கியவை அவ்வப்போது திக்கினாலும் பாடின. தாத்தாவின் சிடியைப் போட்டால் மட்டும் 'நோ டிஸ்க்' என்று திரையில் வந்தது. தாத்தா இப்போது இல்லை. வேறு பிரதியும் கிடையாது. தட்டுதான் கெட்டுவிட்டது என்று பாட்டி முடிவு கட்டிவிட்டார். யாரோ சொன்னார்கள் என்று பற்பசை போட்டுத் தேய்க்கப் போனவரைப் பேத்திதான் தடுத்து நிறுத்தினாள்.

நல்ல வேளை! ஏன் என்று புரிய, சிடிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

சோனி, பிலிப்ஸ் நிறுவனங்கள் உருவாக்கிய சிடி 1982ல் விற்பனைக்கு வந்தது. 12 சென்டிமீட்டர் அகலம், 1.2 மில்லிமீட்டர் தடிமன். அதில் நுண்ணிய பள்ளங்கள் ஒரே சுருள் கோடாக நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடுகின்றன. 74 நிமிட சிடியில் அந்தக் கோட்டை நீட்டிவிட்டால் 5 கிலோமீட்டருக்கு மேல் வரும். லிட்டில் இந்தியா எம்ஆர்டி நிலையத்திலிருந்து சிராங்கூன் நிலையத்துக்கு நேர்க்கோடு போட்டால் ஏறக்குறைய அவ்வளவு தூரம்தான்! அடுத்தடுத்த இரண்டு வரிகளுக்கு இடையே உள்ள தூரம் 1.6 மைக்ரோமீட்டர். ஒரு தலைமுடியின் அகலத்துக்குள் 40, 50 வரிகள் அடங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர் ஒளி, ஒரு சின்ன லென்ஸ் வழியாக வந்து இந்த வரிகளில் பட்டுத் திரும்புகிறது. திரும்பி வரும் ஒளியின் ஏற்ற இறக்கம்தான் பாட்டாகிறது.

இப்போது ஒரு கேள்வி. சிடியின் எந்தப் பக்கம் மென்மையானது? பளபளக்கும் அடிப்பக்கம் என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். உண்மையில் பெயர் அச்சிட்ட மேல்பக்கத்துக்கே ஆபத்து அதிகம். ஒளியைத் திருப்பி அனுப்பும் உலோகப் படலம் அந்தப் பக்கத்தில், மெல்லிய பூச்சுக்குக் கீழேயே இருக்கிறது. அங்கே பேனாமுனை கிழித்தால் தகவல் போனது போனதுதான். அடிப்பக்கத்தில் 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் காவல் இருக்கிறது. பேருந்து சன்னலில் உள்ள மழைத்துளி, தூரத்துக் கடைப் பலகையைப் பார்க்கும்போது கண்ணுக்கு மங்கிவிடுகிறது அல்லவா? அதுபோல லேசரும் பிளாஸ்டிக்குக்கு அப்பால் குவிவதால் அடிப்பக்கத்துத் தூசியைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை.

சிறு கீறலையும் பிளேயர் சமாளித்துவிடும். ஒரு வகுப்பின் 40 பேரையும் ஒரே பேருந்தில் ஏற்றாமல், பத்துப் பேருந்துகளில் நான்கு நான்கு பேராக ஏற்றியதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பேருந்து பழுதானால் நான்கு பேர்தான் வரமாட்டார்கள், பாடம் நடக்கும். சிடியிலும் தகவலைக் கலைத்துப் பரப்பி வைத்திருக்கிறார்கள். விடுபட்டதைக் கணக்குப் போட்டு மீட்கும் வழியை ரீட், சாலமன் என்ற இரு கணித அறிஞர்கள் 1960ல் வெளியிட்டார்கள். வரி நெடுக 2 மில்லிமீட்டர் தகவல் தொலைந்தாலும் பாட்டு நிற்காது. அதனால்தான் சிடியை வட்டமாகத் துடைக்கக் கூடாது. நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைக்க வேண்டும். தப்பித் தவறிக் கீறல் விழுந்தாலும் அது வரிகளைக் குறுக்கே வெட்டும். ஒவ்வொரு வரியிலும் இழப்பு கொஞ்சம்தான். வரியோடு சேர்ந்து ஓடும் வட்டக் கீறல் நீளமான துண்டையே விழுங்கிவிடும். பற்பசையில் தேய்ப்பொருள் இருக்கிறது. பாட்டியின் கை எந்தத் திசையில் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, பழுது எங்கே? ஆய்வுக்கூடத்தில் ஒரு நேரத்தில் ஒரு மாறியை மட்டும்தானே மாற்றுவோம்? இங்கேயும் அதேதான். பிளேயரை அப்படியே வைத்துத் தட்டை மாற்றுங்கள். பிறகு தட்டை வைத்துக்கொண்டு பிளேயரை மாற்றுங்கள். ஒரே தட்டு ஒரே இடத்தில் திக்கினால் குற்றம் தட்டில். எல்லாத் தட்டும் திக்கினால் பிளேயரில். முதல் பாட்டுகள் ஒழுங்காகப் பாடி, எல்லாத் தட்டிலும் கடைசிப் பாட்டுகள் மட்டும் தடுமாறினால், லென்ஸ் விளிம்பை நோக்கி நகரும் தண்டவாளத்தில் பழைய கிரீஸ் இறுகியிருக்கலாம். தட்டு வைக்கும் தட்டம் 'உர்' என்று சத்தம் போட்டும் வெளியே வராவிட்டால், உள்ளே ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும்.

பாட்டியின் பிளேயர் தந்த துப்பு வேறு. கடையில் வாங்கும் சிடியில் பள்ளங்கள் அச்சில் வார்க்கப்பட்டவை. வீட்டில் பதியும் சிடியிலோ, லேசர் ஒரு சாயப் படலத்தைச் சுட்டு அடையாளம் வைக்கிறது. அதிலிருந்து வரும் சமிக்ஞை பொதுவாகச் சற்று மங்கல். லென்சில் அழுக்குப் படிந்தால் இப்படிப்பட்ட சிடிதான் முதலில் மக்கர் செய்யும். என் சந்தேகம் லென்சின்மேல் விழுந்தது. தட்டைப் பள்ளிக்குக் கொண்டுவரச் சொல்லிக் கணினியில் போட்டோம். படித்துவிட்டது! முதல் வேலையாகப் பிரதி எடுத்துக்கொண்டோம்.

பிளேயர் எங்கே இருந்தது தெரியுமா? சாமி மேடைக்குப் பக்கத்து அலமாரியில். தினமும் விளக்கு, கற்பூரம், வெள்ளிக்கிழமை சாம்பிராணி. பல ஆண்டுப் புகை லென்சில் மெல்லிய எண்ணெய்ப் படலமாகப் படிந்திருந்தது.

அது மேல்மூடியைத் திறந்து தட்டு வைக்கும் வகை என்பதால் லென்ஸ் வெளியிலேயே தெரிந்தது. மின்செருகியைக் கழற்றினோம். மின்கலம் இருந்தால் அதையும் எடுத்துவிட வேண்டும். கேமராவுக்குக் காற்று ஊதும் ரப்பர் குமிழால் தூசியை ஊதினோம். வாயால் ஊதினால் எச்சில் படும். பிறகு பஞ்சுக்குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு சொட்டு. சொட்டச் சொட்ட நனைக்கக் கூடாது. லென்ஸ் மெல்லிய கம்பிகளில் தொங்குகிறது, ஆகவே கண் இமையைத் தொடுவது போல இரண்டு மூன்று வட்டம் போதும். நகப்பூச்சு நீக்கும் அசிட்டோன் வேண்டவே வேண்டாம், அது பிளாஸ்டிக் லென்சைக் கரைத்துவிடும். நன்றாகக் காய்ந்த பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும்.

இதற்கு மேல், அதாவது திருகுகளைக் கழற்றிப் பெட்டியைப் பிரிப்பது, நீங்கள் தனியாகச் செய்யும் வேலை அன்று. உள்ளே 230 வோல்ட் மின்சாரம் வரும் பகுதி இருக்கிறது. மூடி திறந்த நிலையில் எரியும் லேசரை நேராகப் பார்ப்பதும் கண்ணுக்குக் கேடு. விவரம் தெரிந்த பெரியவரிடம் கொடுங்கள். 2014ல் தொடங்கிய 'ரிப்பேர் கோப்பித்தியாம்' தொண்டூழியர்கள் பழுதுபார்க்கக் கற்றும் தருகிறார்கள்.

நம் ஊருக்கே உரிய கோளாறு ஒன்றும் உண்டு. குளிர்ந்த எம்ஆர்டி ரயிலிலிருந்து இறங்கியதும் மூக்குக்கண்ணாடி பனித்துப் போகிறதல்லவா? குளிர்சாதன அறையிலிருந்து கூடத்துக்கு எடுத்து வந்த பிளேயரின் லென்சுக்கும் அதுவே நடக்கும். ஒரு மணி நேரம் சும்மா விட்டால் தானாகச் சரியாகிவிடும். ஈரத்தை அலட்சியம் செய்யவும் கூடாது. பெலீஸ் என்ற வெப்பமண்டல நாட்டிலிருந்து வந்த சிடி ஒன்றைப் பூஞ்சை தின்றிருந்ததை ஸ்பெயின் ஆய்வாளர்கள் 2001ல் அறிவித்தார்கள். நம் காற்றிலும் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். ஆகவே சிடிக்களை உறையில் போட்டு, உலர்ந்த இடத்தில் நிறுத்தி வையுங்கள்.

பாட்டியின் பிளேயரில் இரண்டாவது முறை துடைத்த பிறகுதான் தாத்தாவின் சிடி பாடியது. "டீச்சர், சத்தத்தைக் கொஞ்சம் கூட்டுங்க" என்றார் பாட்டி. தாத்தா 1960களில் சிராங்கூன் சாலையில் பால் ஊற்றிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். பிளேயரை இப்போது சமையலறைக்கும் சாமி மேடைக்கும் எட்டாத தூரத்தில் வைத்திருக்கிறார்களாம்.