விதைநெல்லுக்கு ஓர் அலுமாரி

இடம்பெயர்ந்தபோது எம்மிற் பலர் காணி உறுதியோடு விதைநெல்லையும் சுமந்துவந்தோம். கொட்டிலின் மண்தரையில் வைத்த சாக்கை ஈரமும் கறையானும் விட்டுவைக்கவில்லை. கிடைக்கும் பலகையில் நாமே ஒரு சிறு அலுமாரி செய்துகொள்வோம்.

கால்களுக்கு வைரம் பாய்ந்த பனைமரம் நல்லது. கறையான் இலகுவில் அரிக்காது. அடித்தட்டு நிலத்திலிருந்து 1½ அடி உயரட்டும். பிணைச்சல் இல்லாவிடில் பழைய ரயர்த்துண்டை ஆணியடித்துக் கதவைப் பொருத்தலாம். இடுக்குகளைத் தகரத்தால் மூடினால் எலித்தொல்லை குறையும். கால்களை வெறும் மீன்பேணிகளில் நிறுத்திக் கழிவு ஒயில் ஊற்றினால் எறும்பு ஏறாது. சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைப்போம்.

நெல்லைப் பல்லில் கடித்தால் ‘டக்’கென்று முறியும்வரை வெயிலில் காயவிட்டு, சூடு ஆறியபின் கட்டி உள்ளே வைப்போம். விதை கையில் இருந்தால், காலபோகத்துக்குக் கடன்படாமல் வயலில் இறங்கலாம்.