சக்கரம் வைத்த 'ஏர்கோன்' வாங்கலாமா?



பட்டணத்துக் கடைகளில் சக்கரம் வைத்த 'ஏர்கோன்' விற்கிறார்கள். சுவரைத் துளைக்க வேண்டியதில்லை. மாதத் தவணையும் உண்டு. நம் லயத்து வீட்டுக்கு ஏற்றதுதானே என்று தோன்றும். பணத்தை எடுக்குமுன், அது வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஏர்கோன் என்பது அறையிலுள்ள சூட்டை வெளியே தள்ளும் இயந்திரம். சுவரில் மாட்டும் வகையில், சூட்டைத் தள்ளும் பகுதி வீட்டுக்கு வெளியே இருக்கிறது. சக்கர வகையிலோ எல்லாமே அறைக்குள். ஒரு தடித்த குழாய் வழியாகச் சன்னலுக்கு வெளியே சூட்டை ஊதுகிறது. அந்தக் குழாயே சூடாகி அறையைச் சுடவைக்கும். மேலும், அது ஊதித் தள்ளுவது நம் அறைக் காற்றைத்தானே? போன காற்றுக்கு ஈடாக, பலகை இடுக்கிலும் கூரை ஓரத்திலும் வெளிச்சூடு உள்ளே புகும். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் நிரப்பும் கதைதான்.

கணக்கையும் பாருங்கள். 1000 வாட் ஏர்கோன் தினம் 8 மணி நேரம் ஓய்வின்றி ஓடினால், 30 நாளில் 240 யூனிட். 60 வாட் காற்றாடிக்கு 15 யூனிட் கூட ஆகாது. அடைப்பான அறை குளிர்ந்ததும் ஏர்கோன் இடையிடையே ஓய்வெடுக்கும். இடுக்குள்ள வீட்டில் அதற்கு ஓய்வு ஏது?

தண்ணீர் ஊற்றும் 'ஏர்கூலர்' வேறு சாதனம். நம் நாட்டு ஈரக் காற்றில் அது மூடிய அறையில் புழுக்கத்தையே கூட்டும்.

அப்படியானால் என்ன செய்வது? விடியுமுன் பெரட்டுக்குப் போகிறவருக்கு நல்ல உறக்கம் வேண்டுமே! பகலில் நம்மைச் சுடுவது தகரக் கூரை. அதன் அடியில் அலுமினிய விரிப்பும் சீலிங்கும் இருந்தால் சூடு நன்றாகக் குறையும். இரவில் எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து, குளிர்ந்த வெளிக்காற்று உள்ளே வரும்படி காற்றாடியை ஒரு சன்னலருகே வையுங்கள். கூரையோ பலகையோ பழுதானால் நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். தொழிலாளர் குடியிருப்பைப் பழுதின்றிப் பேணும் பொறுப்பை 1990-ஆம் ஆண்டு வீட்டு வசதிச் சட்டம் முதலாளியிடமே வைத்திருக்கிறது.

செங்கல் சுவரும் சீலிங்கும் இறுக மூடும் சன்னலும் கொண்ட சிறிய அறையில், நோயாளிக்காக வாங்குகிறீர்களா? வாங்கலாம். ஒரு குழாயைவிட இரு குழாய் வகை மேல். அது வெளிக்காற்றையே இழுத்து வெளியே விடும். நீட்டிப்பு வயரில் போடாமல், நேரே சுவர்ப் பிளக்கில் செருகுங்கள்.

மற்றவர்கள் தவணைப் பத்திரத்தில் கையெழுத்திடுமுன், ஒருமுறை அண்ணாந்து கூரையைப் பாருங்கள்.