அடைக்கோழியிலிருந்து தொடங்குங்கள்

கோழி வளர்க்கப் போறேன்னு கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது, "குஞ்சு எங்கே கிடைக்கும், எத்தனை வாங்கட்டும்?" என்பதுதான். குஞ்சு வாங்க வேண்டாம். அடைக்கு உட்காரத் தெரிந்த நாட்டுக்கோழியை வாங்குங்கள். முடிந்தால் ஏழெட்டுக் குஞ்சோடு திரிகிற தாய்க்கோழியாகவே கேட்டு வாங்குங்கள். இந்தக் கட்டுரை சொல்ல வருவதில் பாதி இதுதான். மீதிப் பாதி வெள்ளைக்கழிச்சலைப் பற்றியும் உப்பைப் பற்றியும். குயிலாப்பாளையம் செம்மண் மேட்டிலிருந்து மரக்காணம் உப்பளம் வரைக்கும் உள்ள நம்ம கரையோரத்தில், கோழி வளர்ப்புக் கையேடுகள் அதிகம் பேசாத சங்கதி இந்த உப்பு.

அடைக்கோழி ஏன்? ஐதராபாத்தில் உள்ள கோழியின ஆராய்ச்சி இயக்ககம் வனராஜா, கிராமப்பிரியா போன்ற ரகங்களை வீட்டுப் புறக்கடைக்கென்றே உருவாக்கியிருக்கிறது. நல்ல கோழிகள்தான், நாட்டுக்கோழியை விட அதிகம் முட்டையிடும். ஆனால் முட்டைக்காகவே தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து வந்ததில், அடைக்கு உட்காரும் குணம் மங்கிப்போய்விட்டது. அதனால் ஒவ்வொரு தடவையும் குஞ்சுக்குப் பண்ணையைத் தேடிப் போக வேண்டும். வீரிய விதைக்கு ஒவ்வொரு பட்டத்துக்கும் கடைக்குப் போகிற கதைதான் இதுவும். நாட்டுப் பொட்டைக்கோழி ஆண்டுக்கு 60, 70 முட்டைதான் கொடுக்கும். ஆனால் குஞ்சு பொரிக்கும் இயந்திரம் அதுவே, குஞ்சுக்குச் சூடு தரும் மின்விளக்கும் அதுவே. எதைத் தின்னணும், பருந்து நிழல் விழுந்தா எங்கே ஓடணும் என்று சொல்லிக்கொடுப்பதும் அதுவே.

சந்தையில் வாங்காதீர்கள். பத்து ஊர்க் கோழி ஒரே கூடையில் கிடக்கும் இடத்திலிருந்து நோயும் சேர்ந்துதான் வீட்டுக்கு வரும். அக்கம்பக்கத்து ஊரில், "இது ரெண்டு தடவை குஞ்சு பொரிச்ச கோழி" என்று தெரிந்தவர் கையிலிருந்து வாங்குவதே நல்லது. அப்படி வாங்கினாலும், ஏற்கெனவே வீட்டில் கோழி இருந்தால் புதுசை இரண்டு மூன்று வாரம் தனியே கட்டி வைத்துப் பார்த்துவிட்டுச் சேருங்கள். நான்கு பொட்டை, ஒரு சேவல் போதும், முதல் வருஷத்துக்கு அதுக்கு மேல் வேண்டாம். சேவலை மட்டும் வேறு வீட்டிலிருந்து எடுங்கள். ஒரே தாய்வழி என்றால் வர வரக் குஞ்சு நோஞ்சானாகிவிடும்.

அடை வைப்பது

ஒரு தடவை முட்டையிட ஆரம்பித்தால் 12 முதல் 15 முட்டை வரை இட்டுவிட்டு, கோழி கூட்டைவிட்டு எழுந்திருக்காது. கிட்டப் போனால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு கொக்கரிக்கும். அதுதான் அடைக்கு வந்த அடையாளம். சில ஊர்களில் இதை அவயம் என்பார்கள். அடை வைக்க எடுக்கும் முட்டை வெயில் காலத்தில் நான்கு நாளுக்குள் இட்டதாகவும், குளிர் நாளில் ஒரு வாரத்துக்குள் இட்டதாகவும் இருக்கட்டும். முட்டையைக் கழுவாதீர்கள். கழுவினால் ஓட்டின் மேலுள்ள மெல்லிய பூச்சு போய், கிருமி உள்ளே போக வழியாகிவிடும்.

பழைய மூங்கில் கூடையில் மணலோ உமியோ போட்டு, பேன் வராமல் இருக்க மேலே கொஞ்சம் சாம்பல் தூவி, பத்துப் பன்னிரண்டு முட்டையை வைத்து, இருட்டான மூலையில் சாயங்காலமாகக் கோழியை உட்கார வையுங்கள். கோழியின் வயிற்றுக்கு அடியில் அடங்காத முட்டை வீண். இடிச்சத்தத்துக்கு முட்டை கூழாகிவிடும் என்று ஆணி, அடுப்புக்கரி, காய்ந்த மிளகாய் போடும் வழக்கம் நம்ம வீடுகளில் உண்டு. போட்டுக்கொள்ளுங்கள், நஷ்டமில்லை. ஆனால் கூழ்முட்டைக்குப் பெரும்பாலும் காரணம் சேவல் மிதிக்காத முட்டையும் நாள்பட்ட முட்டையும்தான்.

ஏழாம் நாள் ராத்திரி, செல்போன் வெளிச்சத்தில் முட்டையைப் பிடித்துப் பாருங்கள். சிலந்தி மாதிரி ரத்தநாளம் ஓடியிருந்தால் கரு பிடித்திருக்கிறது. தெளிவாக இருந்தால் எடுத்துவிடலாம். அடைக்கோழி ஒரு நாளைக்கு ஒரு தடவை, கால் மணி நேரம் போல இறங்கி வரும். அப்போது இரையும் தண்ணியும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். தூரமாகப் போய்த் திரும்பினால் முட்டை ஆறிப்போகும். 21ஆம் நாள் பொரிக்கும். கடைசி மூன்று நாள் கூடையைத் தொடவே தொடாதீர்கள்.

கரையான் பானை

குஞ்சுக்கு முதல் வாரம் நொய், கேழ்வரகு, கம்புக் குருணை போதும். ஆனால் வளர்ச்சிக்குப் புரதம் வேண்டும், அதற்கு நம்ம செம்மண்ணில் காசில்லாத வழி இருக்கிறது. ஒரு பழைய பானையில் காய்ந்த சாணம், கிழிந்த சாக்கு, இற்றுப்போன தென்னை மட்டை, ஓலை போட்டுத் தண்ணி தெளித்து, சாயங்காலம் முந்திரிக் கொல்லையில் கரையான் ஓடும் இடமாகப் பார்த்துத் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். காலையில் பானை நிறையக் கரையான் ஏறியிருக்கும். வெயில் ஏறுவதற்குள் குஞ்சுக் கூட்டத்தின் நடுவில் கொட்டினால் இரண்டு நிமிஷத்தில் காலி. ஒரே இடத்தில் தினமும் வைக்காமல் மாற்றி மாற்றி வைக்க வேண்டும். மழை நாளில் சரியாக ஏறாது.

பெரிய கோழிக்கு மல்லாட்டைப் பிண்ணாக்கு கொடுப்பது நம்ம பக்கத்துப் பழக்கம். நல்ல தீனிதான், ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் கோர்த்துப் பூஞ்சை பிடித்த பிண்ணாக்கைக் கோழிக்குப் போடவே கூடாது. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிக் குஞ்சுகள் என்ன நோய் என்றே தெரியாமல் செத்தன. பிரேசிலிலிருந்து வந்த பூஞ்சை பிடித்த நிலக்கடலைப் பிண்ணாக்குதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு உலகத்துக்கே தெரியவந்தது அப்படித்தான். வாசனை மாறியிருந்தால், பச்சையாகப் படர்ந்திருந்தால், குப்பைக்குழிக்கு அனுப்பிவிடுங்கள்.

உப்பு

மேட்டில் இருக்கிற குயிலாப்பாளையத்தில் தண்ணி பற்றி யோசிக்கத் தோணாது. கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு இறங்கி வடக்கே போகப் போக, கழுவேலியைத் தாண்டி மரக்காணம் வரைக்கும், வாயில் வைத்தாலே கரிக்கிற கிணறுகள் உண்டு. "மாடு குடிக்குது, கோழி குடிக்காதா?" என்று கேட்கலாம். குடிக்கும், அதில்தான் ஆபத்து. கடற்புறா கடல்தண்ணியையே குடிக்கும், ஏனென்றால் கண்ணுக்கு மேலே இருக்கும் சுரப்பி வழியாக உப்பைப் பிரித்து மூக்கால் வெளியே தள்ளிவிடும். கோழிக்கு அப்படி வேலை செய்யும் சுரப்பி இல்லை. எல்லாவற்றையும் சிறுநீரகம்தான் கழிக்க வேண்டும், குஞ்சுக்கு அது இன்னும் முதிரவே இல்லை. உப்பு மிஞ்சினால் குஞ்சு ஓயாமல் தண்ணி குடிக்கும், தண்ணியாகக் கழியும், வயிறு உப்பும், கால் தள்ளாடும். பல பேர் இதைக் கழிச்சல் நோய் என்று நினைத்து மருந்து தேடுகிறார்கள். மருந்து நல்ல தண்ணிதான். கிணறு கரித்தால், குடிக்கக் கொண்டுவரும் குடத்திலிருந்தே கோழிக்கும் ஊற்றுங்கள். வளர்ந்த கோழி ஒரு நாளைக்குக் கால் லிட்டர் குடிக்கும், வெயிலில் அதைப்போல இரண்டு மடங்கு. ஐந்து கோழிக்கு அது பெரிய சுமையில்லை.

இன்னொரு வழியிலும் உப்பு வரும். குப்பத்துப் பக்கம் மலிவாகக் கிடைக்கும் கருவாட்டுத் தூளும் கழிவும் நல்ல புரதம் என்று வாங்கிப் போடுகிறார்கள். கோழித்தீனியில் உப்பு அரை சதவீதம் இருந்தாலே போதும். உப்பு போட்டு உலர்த்திய கருவாட்டில் பத்தில் ஒரு பங்குக்கு மேலேயே இருக்கும். தீனிக்கு வாங்கினால் உப்பு போடாமல் காயவைத்த மீனாகக் கேட்டு வாங்குங்கள். வீட்டில் மிஞ்சின கருவாட்டுக் குழம்புச் சோறும், ஊறுகாய் கலந்த எச்சில் சோறும் குஞ்சுக்கு வேண்டாம்.

வெள்ளைக்கழிச்சல்

புதிதாகத் தொடங்கியவர்களில் பாதிப்பேர் கோழியை விட்டுவிடுவது இந்த ஒரு நோயால்தான். 1926-ல் இங்கிலாந்தின் நியூகாசில் பக்கம் கண்டறியப்பட்ட நோய். அடுத்த சில வருஷங்களில் குமாவுன் மலையில் உள்ள ராணிக்கேத்தில் தெரியவந்ததால் இந்தியாவில் ராணிக்கெட் என்று பெயர். வெள்ளையும் பச்சையுமாகக் கழியும், வாயைத் திறந்து மூச்சு வாங்கும், பிழைத்ததில் சிலது கழுத்தைத் திருகிக்கொண்டே நிற்கும். தடுப்பு போடாத கூட்டத்தில் வந்தால் பத்துக்கு எட்டு ஒன்பது போய்விடும்.

இங்கே ஒன்றை வெளிப்படையாகப் பேசணும். இயற்கை வழி உழவர்களில் சிலர், "தடுப்பூசியும் ரசாயனம்தானே, கீழாநெல்லி அரைச்சுக் கொடுத்தா போதும்" என்கிறார்கள். கீழாநெல்லி, சீரகம், மிளகு, மஞ்சள், பூண்டு, வெங்காயம் சேர்த்து அரைத்துக் கொடுப்பது நல்ல பழக்கம். தஞ்சாவூரில் மரபுசார் மூலிகை மருத்துவத்தைப் பரப்பிய கால்நடை மருத்துவப் பேராசிரியர் ந. புண்ணியமூர்த்தி இதைத் தமிழகம் முழுக்கக் கொண்டுபோனார். அதைக் கொடுங்கள். ஆனால் தடுப்பூசியை விட்டுவிட்டு அதை மட்டும் நம்பாதீர்கள். வைரஸ் ஊருக்குள் வந்த பிறகு அரைக்க உட்கார்ந்தால், அரைத்து முடிப்பதற்குள் கூடு காலி. நோய் இருக்கும் பகுதியில் தடுப்பூசி போடுவதை நம்ம நாட்டு அங்ககத் தரநிலையும் தடுக்கவில்லை. தடுப்பூசி பூச்சிக்கொல்லி அல்ல, கோழியின் உடம்புக்கு எதிரியை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் ஏற்பாடு.

குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, நான்காவது வாரம் தண்ணியில் கலந்து, எட்டாவது வாரம் இறக்கைக்கு அடியில் ஊசி என்பது முறை. பிப்ரவரியில் கால்நடைத் துறை நடத்தும் இருவார முகாமில் எட்டு வாரம் தாண்டிய கோழிக்கு இலவசமாக ஊசி போடுவார்கள். தாய்க்கோழிகளுக்கு அதைத் தவறவிடாதீர்கள். சிக்கல் குஞ்சுக்குத்தான். சொட்டு மருந்து குப்பி பெரும்பாலும் நூறு குஞ்சுக்கானது. பனிக்கட்டியிலேயே இருக்க வேண்டும், கலக்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். எட்டுக் குஞ்சுக்கு யார் நூறு குஞ்சு மருந்து வாங்குவது? இங்கேதான் நம்ம உழவர் குழு வேலைக்கு வரணும். தெருவில் பத்து வீடு பேசிவைத்து ஒரே நாளில் அடை வைத்தால், பத்து வீட்டுக் குஞ்சும் ஒரே நாளில் பொரிக்கும். ஏழாம் நாள் ஒருத்தர் பிளாஸ்கில் பனிக்கட்டி போட்டுக் கால்நடை மருத்துவமனையிலிருந்து குப்பியை எடுத்துவந்தால், ஒரு மணி நேரத்தில் எல்லா வீடும் முடிந்துவிடும். தண்ணியில் கலக்கும்போது குளோரின் போட்ட குழாய்த்தண்ணி ஆகாது, மருந்து செத்துவிடும். ஊசி இல்லாமல் குருணையாகவே தின்னக் கொடுக்கும் தடுப்பு மருந்தையும் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கியிருக்கிறது. கிடைத்தால் அது இன்னும் சுலபம்.

கூடு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நம்ம பக்கம் சவுக்குக் கம்புக்குப் பஞ்சமில்லை. அடியைத் தீயில் கருக்கி நட்டால் கரையான் சீக்கிரம் ஏறாது. தரையிலிருந்து இரண்டரை, மூன்றடி உயரத்தில் தளம், கீற்றுக் கூரை, கோழிக்கு ஒன்றரைச் சதுர அடி. கீரியும் மரநாயும் சின்ன இடுக்கிலும் நுழையும் என்பதால் அரை அங்குல வலை அடியுங்கள், ராத்திரி தவறாமல் மூடுங்கள். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்குக் கொட்டியது. தரையில் கூடு வைத்தால் அந்த மாதிரி ராத்திரியில் ஒன்றும் மிஞ்சாது. மழைக்காலத்தில் குஞ்சு பொரிக்க வைக்காமல் இருப்பதே நல்லது. ஈரத்தில் ரத்தக்கழிச்சல் வரும்.

அடைக்கு நல்ல சமயம் மார்கழிக் கடைசி. தை பிறந்து குஞ்சு வரும், பனி குறைந்திருக்கும், கொல்லையில் பூச்சி இருக்கும். தையில் பொரித்த சேவல் ஆடியில் ஆறு மாசம் முடிந்து நிற்கும். அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றும் மாசம் என்பதால் நாட்டுச் சேவலுக்கு நம்ம ஊர்களில் நல்ல விலை கிடைப்பது அப்போதுதான். புரட்டாசி வந்தால் கேட்க ஆளிருக்காது, அதனால் மிஞ்சும் சேவலை ஆடியிலேயே தள்ளிவிடுங்கள். நல்லா வளர்ந்த ஒன்றை மட்டும் நிறுத்தி, அடுத்த தெருக்காரரின் சேவலோடு மாற்றிக்கொள்ளுங்கள்.