இலங்கை மலைநாட்டுத் தமிழ்ச் சபை

சிவகிரியினின்று மேற்றிசை நோக்குவார்க்கு மலைத்தொடர் நீலச் சுவர்போல் நெடிது நிற்பது புலனாகும். அம் மலையடியிலும், அதற்குக் கிழக்கே பரந்து கிடக்கும் கரிசற் காட்டிலும் வாழ்ந்த குடிகள், மாரி பொய்த்துக் குளம் வற்றிய காலங்களில், தம் மலையை விட்டு மற்றொரு மலையைத் தேடிப் போயினர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் கண்டிச் சீமை. திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி முதலிய பகுதிகளினின்று அங்ஙனம் கடல் கடந்து இலங்கை மலைநாட்டிற் குடியேறிய தமிழ் மக்களிடையே ஆங்கிலிக்கன் சபை எவ்வாறு வேரூன்றியது, அச் சபையில் அவர்கள் எத்தகைய கூட்டு வாழ்வு நடத்தினர், அவ் வாழ்வு நமக்குக் கற்பிப்பது யாது என்பனவற்றைச் சுருங்க விளக்குதலே இக் கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் அவர்கள் சென்ற வழியை அறிதல் வேண்டும். இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குத் தமிழ்த் தொழிலாளர் செல்லத் தொடங்கியது 1823-ஆம் ஆண்டு என்று பொதுவாகக் கொள்வர். கங்காணி என்பான் ஊரூராய்ச் சென்று முன்பணம் கொடுத்து ஆட்களைத் திரட்டுவான். அவர்கள் இராமேசுவரத்தை அடுத்த கரையிலிருந்து தோணி ஏறி மன்னார்ப் பக்கம் இறங்கி, அங்கிருந்து காடு வழியாக மாத்தளை வரையில் கால்நடையாய்ச் சென்றனர். பசியாலும் பேதியாலும் காய்ச்சலாலும் வழியிலேயே மாண்டோர் பலர். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பலும், இருமருங்கும் புகைவண்டியும் இணைந்தது 1914-ஆம் ஆண்டிலேதான். 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் என்பார் லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலையைப் பயிரிட்டார். 1869-இல் காப்பிச் செடியை இலைநோய் பற்றியது. காப்பி அழிந்து தேயிலை தழைத்தது. காப்பிக்குப் பறிப்புக் காலத்தில் மட்டும் ஆட்கள் மிகுதியாக வேண்டும். தேயிலைக்கோ ஆண்டு முழுதும் கொழுந்து பறித்தல் வேண்டும். ஆதலின் வந்து மீள்வோராய் இருந்தவர், வந்து தங்குவோர் ஆயினர். ஏறக்குறையப் 12 அடிக்குப் 10 அடி அளவுள்ள லயத்து அறையொன்றே ஒரு குடும்பத்தின் வீடாயிற்று. அவ் வீடும் தோட்டத்துக்கு உரியதேயன்றி அதில் வாழ்வோர்க்கு உரியதன்று.

இத்தகைய மக்களுக்கென 1854-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டதே தமிழ்க் கூலி மிஷன் என்பது. கண்டிப் பகுதியில் இருந்த காப்பித் துரைமார் சிலர் பொருளுதவ முன்வர, சி. எம். எஸ். சங்கத்தார் மேற்பார்வைக்கு மிஷனரியை அளித்தனர். ஆனால் உபதேசிமார் எங்கிருந்து வந்தனர் எனின், நம் திருநெல்வேலிச் சபைகளிலிருந்தே வந்தனர். அதே 1854-ஆம் ஆண்டில், ராக்லாந்து ஐயர் சிவகாசிப் பக்கத்தை நிலைக்களமாகக் கொண்டு வடதிருநெல்வேலியிற் கூடாரமடித்து ஊர்தோறும் சென்று சுவிசேஷம் கூறத் தொடங்கினார் என்பது நோக்கத்தக்கது. தென்திருநெல்வேலிச் சபைகள் அவருக்குத் துணையாகத் தம் செலவில் உபதேசிமாரை முறைவைத்து அனுப்பின. ஆகவே, நம் சபை தன் வட எல்லைக்கும் கடலுக்கு அப்பாலுக்கும் ஏறக்குறைய ஒரே காலத்தில் ஆளனுப்பியது. மேனாட்டாரிடம் பெறுவதொன்றே நம் சபையின் இயல்பாய் இருந்தது என்று எண்ணுவோர் இதனைச் சிந்திப்பாராக.

உபதேசியாரின் வேலை எளிதன்று. ஒரு தோட்டத்திற்கும் மற்றொரு தோட்டத்திற்கும் இடையே மலையும் ஓடையும் கிடக்கும். பகலெல்லாம் மக்கள் மலைமேல் வேலையில் இருப்பர். ஆகையால் மாலையில், கொழுந்து நிறுத்து முடிந்த பின்னரே, லயத்து முற்றத்திலோ பள்ளிக்கூடக் கொட்டகையிலோ ஜெபம் நடைபெறும். பகலில் பள்ளிக்கூடமாய் இருந்த இடம் இரவில் ஆலயமாகும். அவரே வாத்தியார், அவரே கடிதம் எழுதிக் கொடுப்பவர், ஊரிலிருந்து வந்த கடிதத்தைப் படித்துக் காட்டுபவரும் அவரே. மணம் பேசுங்கால் அவர் சொல் கேட்கப்படும். இழவு வீட்டில் அவரே முன்னிற்பார். ஊரில் பெரியோர் பலர் பகிர்ந்து செய்த பணிகள் அங்கு ஒருவர் தலைமேல் விழுந்தன.

அம் மக்களின் சபை வாழ்வில், நம் நாட்டுச் சபைகளின் வழக்கங்கள் பல புது நிலத்தில் நாற்றுப்போல நடப்பட்டன. ஜெபபுஸ்தகத்தின் முறைமை ஆங்கில நாட்டினின்று வந்தது. ஆயினும் அதன் இடையிடையே ஒலித்தவை தமிழ்க் கீர்த்தனைகள். திருநெல்வேலியிற் பிறந்து தஞ்சையில் வாழ்ந்த வேதநாயகம் சாஸ்திரியார், கர்நாடக இராகங்களிலும் நாட்டுச் சந்தங்களிலும் கிறிஸ்துவைப் பாடி 1864-ஆம் ஆண்டு வரையில் வாழ்ந்தவர். அவர் வழிவந்த கீர்த்தனைகளுக்கு நூல் வேண்டுவதில்லை. எழுத்தறியாத் தாயும் அவற்றை நெஞ்சில் எழுதிக்கொண்டு கடல் கடக்கலாம். புத்தகத்தை நனைக்கும் மழை பாட்டை நனைக்கமாட்டாது. மார்கழிக் குளிரில் விடியுமுன் வீடு வீடாய்ப் பாடிச் செல்லுதலும், கிறிஸ்து பிறப்பை நாடகமாக நடித்துக் காட்டுதலும், சிறுமியர் கும்மியும் கோலாட்டமும் ஆடுதலும் சபையாரின் கலைவாழ்வாயின. தோட்டங்களிற் காமன் கூத்தும் அருச்சுனன் தபசும் பிறர்க்கு எவ்வாறோ, அவ்வாறே கிறிஸ்தவர்க்கு இவை உள்ளத்தை உயர்த்தும் விழாக்களாய் அமைந்தன.

இவற்றுள் ஸ்தோத்திரப் பண்டிகையைத் தனியே எடுத்துக் கூறல் வேண்டும். நம் ஊரில் உழவன் முதல் விளைவைப் பீடத்தின்முன் படைப்பான். தோட்டத் தொழிலாளிக்கோ விளைநிலம் இல்லை. அவன் பறிக்கும் கொழுந்தும் அவனுடையதன்று. எனினும் லயத்தின் பின்புறத்துச் சிறு பாத்தியில் வளர்த்த கீரையும் பூசணியும், வளர்த்த கோழியும், அது இட்ட முட்டையும் அவனுடையன. அவற்றைக் கொணர்ந்து படைத்தலும், படைத்தவற்றை ஆராதனைக்குப் பின் ஏலங்கூறிச் சபை நிதியிற் சேர்த்தலும் நாம் நன்கறிந்த வழக்கங்களே. ஒரு முட்டையைப் பன்மடங்கு விலை கூறி எடுத்து, அதனை மறுபடியும் ஏலத்திற்கே விட்டுவிடும் மகிழ்ச்சியை நம் ஊர்களிற் கண்டோர் அறிவர். அசனத்தன்று எல்லாரும் ஒரே பந்தியில் அமர்ந்து ஒரே உலையிற் பொங்கிய சோற்றை உண்பர்.

இனி, இவ் வாழ்வு அம் மக்களுக்கு அளித்த பயன் யாது என்று ஆராய்வோம். அது மூன்று என்பது அடியேன் கருத்து.

முதலாவது, பெயர். தோட்டத்துச் செக்குரோலில் அவன் நாட்கூலிக்கு உரிய ஓர் ஆள். ஆலயத்துப் பதிவேட்டிலோ இன்னாருக்கும் இன்னாளுக்கும் பிறந்த இன்ன பிள்ளை என்று தாய் தந்தையர் பெயரோடு எழுதப்படுகின்றான். ஞானஸ்நானத்தின்போது குருவானவர் அவனைப் பெயர் சொல்லி அழைக்கின்றார். இரண்டாவது, குரல். பகல் முழுதும் பிறர் ஏவல் கேட்கும் ஒருவன், சபைக் கூட்டத்தில் எழுந்து, ஆலயக் கூரைக்கு ஓடு போடலாமா தகரம் போடலாமா என்று தன் கருத்தைச் சொல்லலாம். அவன் சொல் எழுதப்படும். மூன்றாவது, கொடை. அடுப்பில் அரிசியிடுமுன் ஒரு கைப்பிடியைக் கர்த்தருக்கென எடுத்து வைத்தல் நம் திருநெல்வேலிக் கிறிஸ்தவப் பெண்டிரின் பழைய வழக்கம். தோட்டத்தில் அரிசியும் கூலியிற் கழித்து அளந்து கொடுக்கப்பட்டது. அங்ஙனம் அளந்து வந்த அரிசியினின்றும் ஒரு கைப்பிடியை எடுத்து வைப்பவள் கொடையாளியாகின்றாள். எப்பொழுதும் பெறுபவளாகவே எண்ணப்பட்ட ஒருத்திக்கு இது சிறு பேறன்று.

ஆயினும் நன்மையை மட்டும் கூறிக் குறையை மறைத்தல் கட்டுரைக்கு அழகன்று. துரைமாரின் பொருளால் நடந்த மிஷன், அத் துரைமார் கொடுத்த கூலியைப் பற்றி உரத்துப் பேசுதல் அரிது. பல தோட்டப் பகுதிகளில் துரைமார்க்கெனக் கருங்கல்லாற் கட்டிய ஆங்கில ஆலயம் ஒன்றும், தமிழர்க்கெனக் கொட்டகை ஒன்றும் தனித்தனியே இருந்தன. டிக்கோயாவில் 1878-இல் எழுந்த வார்லி ஆலயம் அத்தகைய துரைமார் ஆலயங்களுள் ஒன்று. 1876-ஆம் ஆண்டில், இம் மிஷனை நடத்தும் அதிகாரம் யாருடையது என்ற வழக்குப் பெரிதாகி, கொழும்பு அத்தியட்சர் கோப்பிள்ஸ்டன், சி. எம். எஸ். மிஷனரிமாரின் உத்தரவுச் சீட்டுகளைத் திரும்பப் பெறும் அளவிற்குச் சென்றது. சில ஆண்டுகளுக்குப் பின்னரே சமாதானம் உண்டாயிற்று. அவ் வழக்கில் அத்தியட்சர் பேசினார்; சங்கத்தார் பேசினர்; யாருக்காக வழக்கோ அவர்கள் மலைமேற் கூடை சுமந்துகொண்டிருந்தனர். சாதி வேற்றுமையை ஆலய வாயிலிற் செருப்பைப் போலக் கழற்றி வைத்துவிட்டே நம்மவர் உள்ளே புகுந்தனர் என்று கூறின் அதுவும் பொய்யாகும். ஊர் வழக்கங்கள் கடல் கடந்தபோது அதுவும் உடன் கடந்தது. எனினும் ஒரு திருத்தம் குறிக்கத்தக்கது. மிஷனின் பெயரில் இருந்த கூலி என்னுஞ் சொல் பின்னாளில் நீக்கப்பட்டுத் தமிழ்ச் சபை மிஷன் என்று வழங்கலாயிற்று. கூலி என்பது செய்த வேலைக்குக் கொடுக்கும் பொருள். அச் சொல்லால் மனிதனையே அழைத்தது மொழிக்கும் இழுக்கு, மனிதனுக்கும் இழுக்கு. அதனை நீக்கிச் சபை என்ற சொல்லை அவ்விடத்தில் வைத்தது, மேலே கூறிய மூன்று பயன்களையும் ஒரு சொல்லில் அடக்கியது போலும்.

பின்னர்ப் பெருந்துன்பம் வந்தது. 1948-ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் மலைநாட்டுத் தமிழருட் பெரும்பாலோர் எந்நாட்டுக்கும் உரியரல்லாதவர் ஆயினர். 1964-இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால்பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட உடன்படிக்கை 9,75,000 மக்களைப் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரும் 1974-இல் இரு நாட்டிற்கும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். ஒரே ஆலயத்தில் ஒரே பந்தியில் உண்டவர்களுள், தமக்கை ஒரு நாட்டிற்கும் தங்கை மற்றொரு நாட்டிற்கும் உரியராயினர். அவர்களை ஏற்றிச் சென்ற புகைவண்டியை ஒப்பாரிக் கோச்சி என்றே மக்கள் அழைத்தனர். அங்கேயே தங்கியவருள் நாடற்றோராய் எஞ்சியிருந்தோர்க்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003-ஆம் ஆண்டிலேதான் பிறந்தது.

இத் துன்பக் காலத்தில் அச் சபை வாயடைத்து இருந்துவிடவில்லை என்பதற்கு ஒருவரைச் சான்று கூறலாம். அவர் 1962 முதல் 1983 வரையில் குருணாகல் அத்தியட்சராய் இருந்த லக்ஷ்மன் விக்கிரமசிங்கர். அவர் சிங்களவர். 1983 ஜூலைக் கலவரத்தில் தமிழர் கொல்லப்பட்டதற்காகத் தம் இனத்தார் வெட்கமுற வேண்டும் என்று தம் சபையாருக்கு வெளிப்படையாக உரைத்து, அவ்வாண்டிலேயே மரித்தார். இன்றும் கண்டி நகரின் தூய பவுல் ஆலயத்தில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் ஆராதனை நடைபெறுகின்றது. நம் திருநெல்வேலி அத்தியட்சாதீனம் 1947-இல் தென்னிந்தியத் திருச்சபையோடு இணைந்தது. இலங்கைச் சபையோ ஆங்கிலிக்கன் சபையாகவே நிற்கின்றது. வீடுகள் வேறாயினும் உடன்பிறப்பு வேறாகாது.

இவ் வரலாறு நமக்குத் தொலைவிலுள்ளதன்று. தாயகம் திரும்பியோர்க்கென நீலகிரியில் 1968-இல் அரசினர் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கினர். ஏனையோர் தமிழ்நாடெங்கும் சிதறினர். எம் பக்கத்துச் சிற்றூர் ஆலயமொன்றில் அவ்வாறு வந்த மூதாட்டி ஒருவர் கடைசித் தூணின் அருகே அமர்வார். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அவரைச் சிலோன்காரி என்றே ஊரார் அழைக்கின்றனர். அங்கே எங்களை இந்தியாக்காரர் என்றார்கள், ஐயா, என்று அவர் ஒருநாள் சொன்னார், வேறொன்றும் சொல்லவில்லை. அவர் ஞானஸ்நானம் பெற்றபோது இடப்பட்ட பெயர் யாதென்று அடியேன் அன்றுவரை கேட்டதில்லை என்பது அப்பொழுதுதான் நினைவுக்கு வந்தது. கேட்டேன். நம் ஊர்ப் பெண்களுக்கு இடும் பழைய வேதாகமப் பெயரே அது.

2023-ஆம் ஆண்டில், தம் முன்னோர் வந்து 200 ஆண்டு நிறைந்ததை நினைந்து, மலையக மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரையில் மீண்டும் கால்நடையாய்ச் சென்றனர். பெயரற்று மாண்டோரை நினைத்தலே அந் நடையின் கருத்து. நாம் அத்துணைத் தூரம் நடக்க வேண்டுவதில்லை. உபதேசிமாரை அனுப்பிய சபை, அவர்கள் பெயர் எழுதி வைத்த மக்கள் திரும்பி வரும்போது அப் பெயரால் அவர்களை அழைத்து, பந்தியில் நடுவே இடங்கொடுத்தல் கூடாதோ? கடைசித் தூணுக்கும் முன்வரிசைக்கும் இடையே உள்ள தூரம் மிகச் சிறிது. அதனைக் கடக்கக் கப்பலும் வேண்டா, சட்டமும் வேண்டா. நாம் சற்றே நகர்ந்து அமர்ந்தாற் போதும்.