வந்தே மாதரத்தை முந்திய பாட்டு

2002-ம் வருஷத்தில் பி.பி.ஸி. உலக ஒலிபரப்பு நிலையம் தனது எழுபதாம் ஆண்டு நிறைவை ஒட்டி, உலகத்தில் தலைசிறந்த பாட்டு எது என்று நேயர்களைக் கேட்டது. நமது 'வந்தே மாதரம்' இரண்டாவதாக வந்தது. அதை முந்திச் சென்ற பாட்டு எது என்றறிய நாம் ஆவல் கொள்வது இயல்புதானே? 'மீண்டும் ஒரு தேசம்' என்று பொருள்படும் அயர்லாந்து நாட்டுப் பாட்டு அது. பாடியவர்கள் டப்ளின் நகரத்து 'வுல்ப் டோன்ஸ்' குழுவினர்.

இத்தகைய தேர்தல்களில் பாட்டின் இனிமையைவிட அன்பர்களின் ஊக்கமே வாக்காக விழும் என்பதை நாம் அறிவோம். ஆயினும், அவ்வளவு ஊக்கத்தை எழுப்பும் சக்தி அதற்கு எங்கிருந்து வந்தது?

அதை இயற்றியவர் தாமஸ் டேவிஸ். 1842-ல் இரு நண்பர்களுடன் சேர்ந்து 'தி நேஷன்' என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கியவர். கட்டுரை சென்று சேராத குடிசைக்கும் பாட்டு சென்று சேரும் அல்லவா? அப்பத்திரிகையில் வந்த பாட்டுக்கள் 1843-லேயே புஸ்தகமாயின. 1845-ல், முப்பதே வயதில், டேவிஸ் காலமானார். பாட்டோ நிலைத்து நின்றது.

வுல்ப் டோன்ஸ் குழு பிறந்தது 1963-ல். பாஞ்சோ, கிதார், தகரக் குழல் ஆகியவற்றோடு 60 ஆண்டுகளுக்கு மேல் மேடையேறியவர்கள் இவர்கள். 1973-ல் மவுண்ட்ஜாய் சிறையிலிருந்து மூன்று கைதிகள் ஹெலிகாப்டரில் ஏறித் தப்பினார்கள். உடனே இவர்கள் அதைப் பாட்டாக்கிவிட்டார்கள்! வானொலியில் அதற்கு இடம் மறுக்கப்பட்டது. விற்பனையிலோ அதுவே முதலிடம் பெற்றது.

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. 1960-களின் இறுதி முதல் 1998-ல் சமாதான உடன்படிக்கை ஏற்படும் வரையில், வட அயர்லாந்துக் கலகத்தில் சுமார் 3,500 பேர் மாண்டனர். சமாதானத்துக்குப் பின் பிறந்த இளைஞர்கள் இன்று கலகப் பாட்டுக்களை உற்சாகமாகப் பாடுகிறார்கள். மகனைப் பறிகொடுத்த தாயின் செவியில் அதே பாட்டு வேலாகப் பாய்கிறது. இருவர் உணர்ச்சியும் மெய்யானதே.

இக்குழு யாருடைய பெயரைச் சூடிக்கொண்டதோ, அந்த வுல்ப் டோன் 1798-ம் வருஷக் கிளர்ச்சியில் பிடிபட்டுச் சிறையில் உயிர் நீத்த தலைவர். அவரும் சரி, டேவிஸும் சரி, பிராடெஸ்டண்டு மதத்தினர். கத்தோலிக்கரும் பிராடெஸ்டண்டுகளும் 'ஐரிஷ்காரர்' என்ற ஒரே பெயரால் ஒன்றுபட வேண்டும் என்பதே அவர்களுடைய கனவு. எதிர்வீட்டுக்காரனும் மனமுவந்து கூடப் பாடும் நாள் ஒன்று வருமானால், அன்றுதான் அப்பாட்டு உண்மையில் முதலிடம் பெற்றதாக நாம் கொள்வோம்.