மலைநாட்டு வீட்டுக்கு ஏற்ற தொலைக்காட்சி எது?



வீட்டுக்கு ஒரு பொருளை வாங்க எண்ணும்போது முதலில் அதன் விலையைக் கேட்பது நமது இயல்பு. தொலைக்காட்சிச் சேவையைப் பொறுத்தமட்டில், விலைக்கு முன்னர் கேட்கவேண்டிய கேள்வி வேறொன்று உண்டு. படம் எந்த வழியாக நம் வீட்டுக்குள் வந்து சேர்கின்றது என்பதே அக்கேள்வி. இதனை அறியாமல் எந்தச் சேவை சிறந்தது என்று வாதிடுவது, கிணறு எங்கே இருக்கிறதென்று பாராமல் வாளிக்கு விலை பேசுவதை ஒக்கும்.

இன்று மலைநாட்டு இல்லங்கள் பலவற்றில் இந்த வாதம் நடைபெறுகின்றது. “மாதந்தோறும் டிஷ்ஷுக்குப் பணம் கட்டுவானேன்? அதைக் கழற்றிவிட்டு இணையத்திலே பார்ப்போமே” என்கின்றனர் இளைஞர். “இருப்பதை ஏன் விடவேண்டும்?” என்கின்றனர் முதியோர். இரு சாராரிடத்தும் நியாயம் இருக்கின்றது. எந்த நியாயம் எந்த வீட்டுக்குப் பொருந்தும் என்பதையே இன்று ஆராய விழைகின்றேன். ‘கேபிள்’ என்ற சொல் நம்மிடையே வழங்கினாலும், நம் கூரைகளில் பெரும்பாலும் காணப்படுவது செய்மதி அலையைப் பிடிக்கும் டிஷ்ஷே. ஆகவே, டிஷ்ஷா இணையமா என்பதே நம்முடைய பிரச்சினை.

இந்நாட்டில் சுயாதீனத் தொலைக்காட்சி 1979ஆம் ஆண்டு ஏப்ரலில் தொடங்கியது. 1982ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆந் திகதி ரூபவாஹினி பிறந்தது. அதன் அலைகளை நாடெங்கும் பரப்புதற்கு, நுவரெலியாவின் அருகே 2,524 மீற்றர் உயர்ந்து நிற்கும் பிதுருதலாகலை மலையில் ஒலி, ஒளி பரப்பும் நிலையம் அமைக்கப்பட்டது. உச்சி நம்முடைய உச்சிதான். ஆயினும் மலையின் மறைவிலும் பள்ளத்தாக்கிலும் அமைந்த லயன்களுக்கு அந்த அலை நன்கு எட்டவில்லை. தரைவழி அலை ஏறத்தாழ நேர்கோட்டிற் செல்வது. இடையிலே ஒரு மலை குறுக்கிட்டால் அதற்கப்பால் நிழல் விழும். இதனாலேயே மூங்கிற் கம்பத்தின் நுனியில் அன்டெனாவைக் கட்டித் திருப்பித் திருப்பிப் பார்க்கும் காட்சி தோட்டங்களில் நெடுங்காலம் இருந்தது.

டிஷ் வந்தபின் அந்நிழல் அகன்றது. காரணம் எளியது. ஒளிபரப்புச் செய்மதி பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில், பூமியின் சுழற்சிக்கு இசைந்து ஒரே இடத்தில் நிற்பதுபோல் நிற்கின்றது. நமது நாடு பூமத்திய ரேகைக்கு மிக அருகில் உள்ளதால், இத்தகைய செய்மதிகள் நம் தலைக்கு மேலே உயர்ந்த கோணத்தில் அமைகின்றன. டிஷ் மலையைப் பாராமல் வானத்தைப் பார்க்கின்றது. ஆகவே ஆழமான பள்ளத்தாக்கிலும் படம் தெளிவாக வருகின்றது. அதற்குப் பகை கனத்த மழை ஒன்றே. பெருமழைத் துளிகள் அலையை உறிஞ்சிச் சிதறடிப்பதால் படம் சிறிது நேரம் உறைந்து நிற்கும். மழை தணிந்ததும் மீளும். வெறும் மூடுபனி அதனை அவ்வளவாகப் பாதிப்பதில்லை.

இணையவழித் தொலைக்காட்சியின் தன்மை வேறு. நம் மக்களுக்கு நன்கு தெரிந்த இரண்டு பொருள்களைக் கொண்டு இதனை விளக்கலாம். டிஷ் மழையைப் போன்றது. மழை எல்லாக் கூரைகளிலும் ஒருங்கே பெய்கின்றது. பக்கத்து வீட்டுக்காரர் எத்தனை வாளி பிடித்தாலும் நமக்குக் குறைவதில்லை. இணையமோ பீலியைப் போன்றது. காலையில் தனியே சென்றால் குடம் விரைவில் நிரம்பும். மாலையில் வேலை முடிந்து எல்லோரும் வந்து நின்றால் ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் நீர் மெலிந்துவிடும். கைத்தொலைபேசிக் கோபுரம் ஒன்றின் கொள்ளளவை அதனைச் சூழ்ந்துள்ள அனைவரும் பகிர்ந்தே பயன்படுத்துகின்றனர். அதனால்தான், பகலில் நன்கு ஓடிய படம் இரவு எட்டு மணிக்குச் சக்கரம் சுழற்றி நிற்கின்றது.

எனவே முதலாவது சோதனை இதுவே: சேவைக்குப் பணம் கட்டுமுன், உங்கள் வீட்டினுள்ளே, மாலை ஏழு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில், தொலைக்காட்சி இருக்கும் இடத்திலேயே இணையத்தைப் பரிசோதியுங்கள். பகலில், முற்றத்தில் நின்று பார்த்த முடிவு பயன்படாது. பழைய லயன் வீடுகளின் தடித்த சுவரும் தகரக் கூரையும் அலையைப் பெரிதும் தடுப்பன. நெட்பிளிக்ஸ் நிறுவனம், மிகத் தெளிவான எச்.டி. படத்திற்கு வினாடிக்கு 5 மெகாபிட் வேகத்தைப் பரிந்துரைக்கின்றது. அதற்கு அடுத்த படித் தெளிவுக்கு 3 மெகாபிட் போதும். உங்கள் வீட்டில் மாலைவேளையில் அவ்வளவு கிடைக்கின்றதா? கிடைக்கவில்லையாயின், ரவுட்டரைக் கோபுரம் இருக்கும் திசையிலுள்ள ஜன்னலருகே வைத்துப் பாருங்கள். அதன் பின்னும் கிடைக்காவிடில், அந்த வீட்டுக்கு விடை தெரிந்துவிட்டது: டிஷ் இருக்கட்டும்.

பட்டிப்பொலயை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள புகையிரத நிலையம் 1,891 மீற்றர் உயரத்தில் இருக்கின்றது. இலங்கையில் அதனினும் உயர்ந்த நிலையம் இல்லை. அதற்கும் ஒஹியாவுக்கும் இடையிலே ஒரு சுரங்கம் மலையைத் துளைத்துச் செல்கின்றது. ஒரு வாயிலில் மூடுபனியும் மறுவாயிலில் வெயிலுமாக இருப்பதைப் பிரயாணிகள் கண்டிருப்பர். வானிலையைப் போன்றதே அலையும். ஒரு மேட்டுக்கு இப்புறம் உள்ள வீட்டில் இணையம் தாராளமாக ஓடும். அப்புறம் உள்ள வீட்டில் ஒரு செய்தி அனுப்பவும் இயலாது. ஆதலால் “அந்த வீட்டிலே நன்றாக வேலை செய்கிறதாம்” என்ற சொல்லை நம்பிப் பணம் செலுத்துதல் மலைநாட்டில் தகாது. கண்ணாடி இழைக் கம்பி உங்கள் வாசல்வரை வந்திருந்தால் நிலைமை வேறு. அது மழைக்கும் மலைக்கும் அஞ்சாதது. ஆனால் அக்கம்பி நகரங்களையும் பெருந்தெருக்களையும் ஒட்டியே பெரும்பாலும் செல்கின்றது. 2025ஆம் ஆண்டு ஜூலையில் இந்நாட்டில் தொடங்கிய ஸ்டார்லிங்க் சேவை, தாழ்ந்து பறக்கும் செய்மதிகள் வாயிலாக எங்கும் இணையம் தரவல்லது. ஆயினும் அதன் கருவியின் விலை சாதாரணத் தோட்டக் குடும்பத்தின் ஒரு மாத வருமானத்தில் அடங்குவதன்று.

இரண்டாவது சோதனை, அளவு பற்றியது. டிஷ்ஷில் எத்தனை மணி நேரம் பார்த்தாலும் கட்டணம் ஒன்றே. இணையத்திலோ ஒவ்வொரு மணி நேரமும் டேட்டாவைக் குடிக்கின்றது. நெட்பிளிக்ஸ் தரும் கணக்கின்படி, சாதாரணத் தெளிவில் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1 ஜிகாபைட்டும், எச்.டி. தெளிவில் 3 ஜிகாபைட் வரையும் செலவாகும். ஒரு குடும்பம் நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் பார்க்கின்றதெனக் கொள்வோம். மாதத்துக்கு 60 மணி நேரம். சாதாரணத் தெளிவில் 60 ஜிகாபைட், எச்.டி. தெளிவில் 180 ஜிகாபைட். நீங்கள் வாங்கும் பொதியில் எத்தனை உண்டு? அவற்றுள் எத்தனை நள்ளிரவுக்குப் பின் மட்டுமே பயன்படுத்தத்தக்கவை? பொதியின் பெரிய எண்ணைப் பார்த்து மயங்காது, பகலுக்கும் மாலைக்கும் உரிய எண் எதுவெனக் கேட்டறிதல் வேண்டும். இரவுப் பங்கு மிகுதியாக இருந்தால், படங்களை அவ்வேளையிலே கைத்தொலைபேசியில் இறக்கி வைத்து மறுநாள் பார்ப்பது சிக்கனமான வழி. தெளிவைக் குறைக்கும் வசதியும் பெரும்பாலான சேவைகளில் உண்டு; அதனைத் தேடி அமைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது சோதனை, மொத்தச் செலவு. இணையவழிச் சேவையின் சந்தா குறைவாகத் தோன்றும். அதனுடன் டேட்டாவின் விலை, வரிகள், ரவுட்டரின் விலை, இணைய வசதியற்ற தொலைக்காட்சியாயின் அதனுடன் பொருத்தவேண்டிய சிறு கருவியின் விலை ஆகியவற்றைக் கூட்டிப் பாருங்கள். பழைய பெட்டித் தொலைக்காட்சி அக்கருவியை நேரடியாக ஏற்பதில்லை என்பதையும் நினைவிற்கொள்க. ரவுட்டர் வேறு நிறுவனத்தின் சிம் அட்டையை ஏற்குமா என்பதும் கேட்கவேண்டிய கேள்வி; ஏற்காவிடில் நாளை சேவையை மாற்ற விரும்பினால் கருவியும் வீணாகும். இவ்வாறு கூட்டிய தொகையை ரூபாவில் மாத்திரம் எண்ணாது, தோட்டத்து வழக்கில் எத்தனை ‘பேர்’ என்று எண்ணிப் பாருங்கள். 2024ஆம் ஆண்டு செப்டம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அக்கணக்கில், மாதம் 2,700 ரூபா கேட்கும் ஒரு ஏற்பாடு இரண்டு நாட்கள் மலையிலே கொழுந்து எடுப்பதற்குச் சமம். இன்றைய தொகை உங்கள் சம்பளச் சீட்டில் இருக்கின்றது; அதனால் வகுத்துப் பாருங்கள். குளிரிலும் மழையிலும் கூடை சுமக்கும் தாயின் எத்தனை நாளுழைப்பைப் படம் பார்ப்பதற்குக் கொடுக்கலாம் என்பதை, அத்தாயையும் உட்காரவைத்துக்கொண்டு குடும்பம் தீர்மானிக்கட்டும்.

நான்காவது சோதனை, உள்ளடக்கம். வெளிநாட்டுச் சேவைகளில் தமிழ்த் திரைப்படங்கள் உண்டு. ஆனால் நுவரெலியாவில் மண்சரிவு எச்சரிக்கை விடுக்கப்பட்டதா, நாளை பாடசாலை உண்டா என்பதை அவை சொல்லமாட்டா. நேத்ரா, வசந்தம், சக்தி போன்ற நம் நாட்டுத் தமிழ் அலைவரிசைகள் உங்கள் தெரிவில் இடம்பெறுகின்றனவா என்று பாருங்கள். இவற்றின் நிகழ்ச்சிகள் பல யூடியூபில் சந்தாவின்றிக் கிடைக்கின்றன. டேட்டா மட்டுமே செலவு. ஆகவே இணையம் நன்கு கிடைக்கும் வீட்டில், சந்தா கட்டுமுன் ஒரு மாத காலம் யூடியூபை மட்டும் கொண்டு நடத்திப் பார்ப்பது விவேகம். அதுவே போதும் என்று காண்போர் பலர் இருப்பர். அனுமதியற்ற முறையில் மலிவு விலைக்கு எல்லா அலைவரிசைகளையும் தருவதாகக் கூறுவோரைத் தவிர்த்துவிடுங்கள். ஒருநாள் படம் நின்றால் அவர்களைத் தேடிப் பிடிக்கவோ முறையிடவோ இடமிராது.

நேயர்களே, இதுவரை கூறியவை கணக்கு. கணக்குக்கு அப்பாற்பட்ட ஒன்றைப் பாடசாலை அதிபர் என்ற முறையிற் கூறக் கடமைப்பட்டுள்ளேன்.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் நோய்த்தொற்றால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பாடம் இணையத்துக்குச் சென்றது. மலைநாட்டுப் பிள்ளைகளுள் மிகப் பலருக்கு அந்த இணையம் எட்டவில்லை. பதுளை மாவட்டத்தின் பொஹிட்டியாவ கிராமத்தில் ஆசிரியரும் மாணவரும் அலை தேடிக் காட்டு வழியே நடந்து பாறையொன்றின் மேல் ஏறிய செய்தியை 2021ஆம் ஆண்டு உலகமே படித்தது. அதே காலத்தில் நேத்ரா அலைவரிசையில் ஒளிபரப்பான தமிழ்ப் பாடங்கள், டேட்டா வாங்க இயலாத வீடுகளையும் சென்றடைந்தன. இவ்விரண்டையும் சேர்த்து நினைத்தால் ஓர் உண்மை புலப்படும். டிஷ்ஷும் அன்டெனாவும் படத்தை மட்டுமே தருவன. பிள்ளையின் பாடத்தோடு அவை போட்டியிடுவதில்லை. இணையமோ படத்துக்கும் பாடத்துக்கும் பொதுவான ஒரே குடம். மாதத்தின் இருபதாம் நாளில் தொடர்நாடகத்தால் அக்குடம் வெறுமையானால், இருபத்தோராம் நாள் வினாத்தாளை இறக்கவேண்டிய மாணவி எங்கே செல்வாள்? சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளை உள்ள வீட்டில், டேட்டாவின் ஒரு பங்கைக் கல்விக்கென ஒதுக்கி, எஞ்சியதையே பொழுதுபோக்குக்குக் கொள்ளுதல் வேண்டும். அவ்வாறு ஒதுக்க இயலாதெனில், டிஷ்ஷை வைத்துக்கொண்டு டேட்டா முழுவதையும் பிள்ளைக்கு விடுவதே இலாபம்.

இன்னொன்றும் உண்டு. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலைநாட்டைச் சிதைத்தபோது, பல ஊர்களில் மின்சாரமும் தொலைபேசியும் ஒருங்கே அற்றுப்போயின. அத்தகைய வேளையில் டிஷ்ஷும் ரவுட்டரும் ஒன்றுபோலவே இருண்டுவிடும். எந்தச் சேவையைத் தெரிந்தாலும், மின்கலத்தில் இயங்கும் சிறு வானொலிப் பெட்டி ஒன்று வீட்டில் இருக்கட்டும். வானொலியில் பேசுவதால் இதனைக் கூறவில்லை. மண்சரிவு நேரக்கூடிய சரிவுகளில் வாழும் நமக்கு அது உயிர்க்காப்பு.

முடிவாகச் சுருக்கிக் கூறுவேன். கண்ணாடி இழைக் கம்பியோ நல்ல மாலைநேர அலையோ உள்ள வீட்டார், முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் இணையவழிச் சேவையைப் பெற்று, டிஷ்ஷைக் கழற்றாமல் வைத்திருந்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஓராண்டு ஒப்பந்தத்துக்கு அவசரப்படவேண்டாம். அலை மெலிந்த வீட்டார், அயலாரைப் பார்த்து ஏங்காமல் டிஷ்ஷோடு இருங்கள். வேண்டிய மாதத்தில் மட்டும் ரீலோட் செய்யும் வசதி இருந்தால் அதனைப் பயன்படுத்துங்கள். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை உள்ள வீட்டார், பிள்ளையின் பங்கை முதலில் எடுத்து வையுங்கள். இவ்வளவும் செய்தபின் எந்தச் சேவையின் பெயரைத் தெரிந்தாலும் அது உங்கள் வீட்டுக்கு ஏற்ற தெரிவாகவே இருக்கும்.