தயிர்ப் பற்றீரியாக்களின் பெயர்கள் ஏன் மாறுகின்றன?

முதல் நாள் தயிரில் ஒரு கரண்டி எடுத்து, காய்ச்சி ஆறிய பாலில் கலந்து வைத்தால் மறுநாள் பால் உறைந்திருக்கும். பாலிலுள்ள லக்டோஸ் என்னும் வெல்லத்தைச் சில பற்றீரியாக்கள் லக்டிக் அமிலமாக மாற்றுவதே இதற்குக் காரணம். அவற்றின் தொழில் மாறவில்லை. பெயர்கள்தாம் 150 ஆண்டுகளுக்குள் பலமுறை மாறியுள்ளன.

உயிரிகளின் விஞ்ஞானப் பெயரில் முதற்பகுதி சாதியையும் இரண்டாம் பகுதி இனத்தையும் குறிக்கும். சாதிப் பெயர் உறவைச் சொல்வது. முன்பு நுணுக்குக்காட்டியில் தெரியும் வடிவம், நொதிக்கச் செய்யும் வெல்லம், வளரும் வெப்பநிலை ஆகியவற்றைக் கொண்டே உறவு தீர்மானிக்கப்பட்டது. ஆனால், உருவம் ஒத்திருப்போரெல்லாம் உறவினர் அல்லரே! டீ.என்.ஏ. ஒப்பீடு வந்த பின்னர் பழைய வகைப்படுத்தல்கள் பல திருத்தப்பட்டன.

பாலைப் புளிக்கச் செய்யும் ஒரு பற்றீரியாவுக்கு 1873இல் ஜோசப் லிஸ்டர் 'பக்டீரியம் லக்டிஸ்' எனப் பெயரிட்டார். உருண்டைக் கலங்கள் சங்கிலிபோல் அமைந்திருந்ததால் 1909இல் அது 'ஸ்ட்ரெப்டோகொக்கஸ் லக்டிஸ்' ஆனது. தொண்டை அழற்சியை உண்டாக்கும் கிருமியும் அதே சாதியைச் சேர்ந்ததே. இரண்டும் நெருங்கிய உறவினர் அல்ல என்பது தெளிவானதும், 1985இல் பாற் பற்றீரியா 'லக்டோகொக்கஸ்' என்னும் தனிச் சாதிக்கு மாற்றப்பட்டது.

யோகட் தயாரிக்க உதவும் 'ஸ்ட்ரெப்டோகொக்கஸ் தெர்மோபிலஸ்' இன்றும் பழைய சாதியிலேயே இருக்கிறது. அதன் உறவு உண்மையானது. ஆயினும், நோயுண்டாக்கும் உறவினர்களிடமுள்ள பரம்பரையலகுகள் பல அதனிடம் இல்லை, அல்லது செயலிழந்துள்ளன. எனவே சாதிப் பெயரை மட்டும் பார்த்து அஞ்சத் தேவையில்லை.

மிகப் பெரிய மாற்றம் 2020இல் நிகழ்ந்தது. 'லக்டோபசிலஸ்' என்ற ஒரே சாதிக்குள் 250இற்கும் மேற்பட்ட இனங்கள் அடைக்கப்பட்டிருந்தன. அவற்றின் முழு மரபுத் தகவல்களையும் ஒப்பிட்ட ஆய்வாளர்கள் அவற்றை 25 சாதிகளாகப் பிரித்தனர். 'லக்டோபசிலஸ் கசேயி' இப்போது 'லக்டிகசேயிபசிலஸ் கசேயி'. இனப் பெயர் மாறாததால் பழைய நூல்களிலும் அதைத் தேடிக் கண்டுபிடிக்கலாம். யோகட்டிலுள்ள 'பல்காரிகஸ்' பழைய சாதியிலேயே நீடிக்கிறது.

ஆகவே, நீங்கள் வழக்கமாக வாங்கும் பால் உணவின் சுட்டுத்துண்டில் அறிமுகமற்ற பெயரொன்றைக் கண்டால், புதிதாக ஏதோ கிருமியைச் சேர்த்துவிட்டார்கள் என்று உடனே முடிவுசெய்ய வேண்டாம். பெயரின் இரண்டாம் பகுதியைப் பாருங்கள். பழைய பற்றீரியாவே புதிய சாதிப் பெயருடன் அங்கே இருக்கக்கூடும்.